தண்ணீர் கறுக்கும் வரை

தண்ணீர் மஞ்சளாகத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். கருணாகரன் நிறுத்தினான். சமையல் மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், அவற்றின் வாய்மேல் குறுக்காக வைத்த கறுப்புப் பெட்டி, பெட்டியின் அடியிலிருந்து டம்ளருக்கு இரண்டாக இறங்கும் நான்கு கம்பிகள். இடது டம்ளரில் குழாய்த் தண்ணீர். வலது டம்ளரில் பழைய மாணவன் ரஃபீக் பாட்டிலில் கொடுத்துவிட்டுப் போன, கம்பெனி மெஷினில் சுத்திகரித்த தண்ணீர். மிக்ஸியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகியிருந்தான். இடது டம்ளரில் கம்பியைச் சுற்றி முதலில் மஞ்சள் புகை மாதிரி ஒன்று இறங்கியது, பிறகு பாசி நிறம், பிறகு துரு, அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஒரு கலங்கல் நுரையோடு மேலே வந்து மிதந்தது. வலது டம்ளர் அப்படியே இருந்தது. அவன் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு, பதிமூன்று. எண்ணும்போது உதடு அசையக் கூடாது. ரஃபீக் சொல்லிக் கொடுத்திருந்தான்: “நீங்க எண்ணறது அவங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாது சார். நீங்களும் இப்பதான் மொத தடவ பாக்கற மாதிரி அந்த டம்ளரயே பாக்கணும். நாப்பது செகண்டு. அதுக்குள்ள அவங்களே வாயத் தெறப்பாங்க. மொதல்ல யாரு பேசறாங்களோ அவங்க தோத்தாங்க சார்.” இந்தச் சமையலறையில் யார் முதலில் பேசுவது. எதிரே சுவர்தான் இருந்தது, சுவரில் கேஸ் ஏஜென்சி காலண்டர். இருபத்தொன்று, இருபத்திரண்டு. பதினோரு மணிக்குத் தில்லைநகரில் இந்தச் சுவர் இருக்கும் இடத்தில் ஏரியா மேனேஜர் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கார அம்மாவாக நடிப்பார். அவர் முகம் மாறிவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேலை. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிற வேலை, முப்பத்தாறு வயதில், இருபத்திரண்டு வயதுப் பையன்களோடு ஒரே வரிசையில். பேச்சு வந்துவிட்டது. மூன்று பக்கமும் மனப்பாடம், வணக்கம் மேடமிலிருந்து கையெழுத்து போடும் இடம் வரைக்கும். வராதது முகம். ஸ்டீல் தட்டை எடுத்து முன்னால் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டான். புதிதாக ஷேவ் செய்த கன்னம், மூக்குக்குக் கீழே பிளேடு கிழித்த சின்னச் சிவப்பு, அதற்கு மேலே எல்லாம் தெரிந்த இரண்டு கண்கள்.

தெரியும் என்பதுதான் தொந்தரவு. பதினோரு வருஷம் அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். பீக்கர் கழுவி, ஆசிட் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டி, பிளஸ் டூ பிள்ளைகள் தப்புத் தப்பாக மாட்டிய ஒயர்களை மாற்றி மாட்டிக் கொடுத்தவன். தண்ணீருக்குள் இரண்டு கம்பியை விட்டுக் கரன்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கம்பி கரைகிறது. தண்ணீரில் ஏற்கெனவே இருந்த எதுவும் வெளியே வரவில்லை, கம்பியில் இருக்கிற இரும்புதான் கரைந்து துருவாகித் தண்ணீரைக் கெடுக்கிறது. வலது டம்ளரில் அது நடக்காததற்குக் காரணம், அந்தத் தண்ணீரில் உப்புச்சத்து இல்லை, உப்பில்லாவிட்டால் கரன்ட் ஓடாது, ஓடாவிட்டால் கம்பி கரையாது. ஒரு சிட்டிகை சமையல் உப்பை அதில் போட்டால் அதுவும் இதே மாதிரி கறுக்கும். அவ்வளவுதான் விஷயம். இதைப் பதினோரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பான். பிப்ரவரியில் கன்டோன்மென்டில் இன்னொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனபோதும் இதைத்தான் சொன்னான். அதை நினைக்கும்போதெல்லாம் கழுத்துக்குப் பின்னால் சூடாக ஏதோ ஊறியது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு போட்ட ஒருத்தர் இதே பெட்டியை இதே மாதிரி வைத்து, தண்ணீர் கறுத்ததும் நிமிர்ந்து, என்ன கவனிச்சீங்க என்றார். எல்லாரும் அழுக்கு சார், விஷம் சார், கிருமி சார் என்றார்கள். இவன் கையைத் தூக்கினான். கையைத் தூக்கினான், அதுதான். லேபில் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி. “சார், அது ராடுல இருக்கற இரும்பு சார். கொஞ்சம் உப்பு கெடைக்குமா, அந்த டம்ளரையும் கறுக்க வெச்சுக் காட்டறேன்.” எழுந்து போய்க் காட்டியும் விட்டான். ஆபீஸ் பையன் மோருக்கு வைத்திருந்த உப்பை எடுத்து வந்து கொடுத்தான். வலது டம்ளர் பிரமாதமாகக் கறுத்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள், பாராட்டுகிறார்கள் என்று நினைத்தான். கோட்டு போட்டவரும் சிரித்தார். “நல்ல சப்ஜெக்ட் நாலெட்ஜ் சார் உங்களுக்கு. சொல்லி அனுப்பறோம்.” பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது, வீட்டுக்கு மிக்சர் வாங்கி வந்தான், கிடைச்ச மாதிரிதான் என்று மனைவி சுகந்தியிடம் சொன்னான். மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கும்போதுதான், வாயில் நுரையோடு, தான் என்ன செய்தோம் என்பது புரிந்தது. சுகந்தியிடம், பைக் இருக்கிறவர்களைத்தான் எடுத்தார்களாம் என்றான்.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஸ்விட்சை அணைத்தான். கம்பிகளைத் துணியால் துடைத்துப் பெட்டியைத் தள்ளி வைத்தான். இடது டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தபோது சாக்கடை போலத்தான் போனது, பார்க்கத் தனக்கே ஒரு நொடி குமட்டியது நல்ல அறிகுறி என்று பட்டது, அப்புறம் கம்பி கரையுது என்று அவனுக்குள்ளே ஒருத்தன் சொன்னான், குமட்டல் போய்விட்டது. அவனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் தில்லைநகர் போக வேண்டும். ரஃபீக்குக்கும் தெரியும். அவன் அந்தப் பள்ளியிலேயே படித்தவன், இரண்டாவது பேட்சில் நின்று இதே சோதனையைச் செய்தவன், இப்போது இன்றைக்கு இன்டர்வியூ வைக்கிற கம்பெனியில் டீம் லீடர், பேச்சுவார்த்தை நடத்தி வயது வரம்பைத் தளர்த்தி வாங்கிக் கொடுத்தவன். முந்தாநாள் டீக்கடையில் இவன் இழுத்து இழுத்துக் கேட்டபோது, “தெரியும் சார், நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க” என்றான், மரியாதையாகவே. “தெரிஞ்சா என்ன சார்? நான் ஒரு பொய் சொல்றதில்ல. பாருங்கம்மான்னு மட்டும்தான் சொல்றேன். என்ன தோணுதோ அவங்களுக்குத் தோணுது. நம்ம தப்பா அது?” பிறகு டீயை உறிஞ்சிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்வது போல, “குழந்த இருக்கற வீடான்னு மொதல்ல பாருங்க. செருப்பு கெடக்கும், வாசல்ல. அந்தக் குழந்த தண்ணி குடிக்கற டம்ளரயே கேட்டு வாங்குங்க. கம்பெனி டம்ளர்ல கறுத்தா அது கம்பெனித் தண்ணி. குழந்த டம்ளர்ல கறுத்தா ஆட்டம் குளோஸ்.” இவன் சரி என்று தலையை ஆட்டினான். தலையை ஆட்டியதைப் பார்த்து ரஃபீக், “வீட்ல அக்காவ உக்காரவெச்சு ஒரு தடவ செஞ்சிருங்க சார். அவங்க பயந்தா மேனேஜரும் பயந்துருவாரு” என்றான். அதற்கு இவன் தலையை ஆட்டவில்லை. அது என்னத்துக்கு, கண்ணாடி முன்னால் நின்று செய்துகொள்கிறேன் என்றான்.

சுகந்தியை உட்கார வைக்க வேண்டியதில்லை. ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், வாசலில் சின்னச் செருப்பு கிடக்கும் எத்தனையோ வீடுகள், அவர்களை எல்லாம் உட்கார வைக்கலாம், உட்கார வைக்கத்தானே இந்த வேலை. சுகந்தியை வேண்டாம். அவள் முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் குழாயடியில் நின்று மூன்று டம்ளர் குடித்துவிட்டு, உங்க ஊர் தண்ணி இனிக்குதுங்க என்று சொன்னவள். அதைச் சொல்லிச் சொல்லி ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேன் காவிரித் தண்ணீரைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவாள். அவள் தண்ணீரைப் பார்க்கும் பார்வை வேறு. அது மட்டும் இல்லை. அது மட்டும் இல்லை என்பதற்குப் பக்கத்தில் போகக் கூடாது, இன்றைக்கு வேண்டாம், பதினோரு மணிக்கு அப்புறம். ஆனால் போகாதே என்று சொன்ன இடத்துக்கே போய் நிற்கிறது நினைப்பு, நாக்கு சொத்தைப் பல்லைத் தேடிப் போகிற மாதிரி. பரிதி. எட்டு மாதம். மகள் இனியாவுக்கு முன்னால் பிறந்த பையன். ஒரு வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும், சனிக்கிழமை பெரியாஸ்பத்திரி, ஞாயிறு மத்தியானம் முடிந்துவிட்டது. அங்கே டியூட்டியில் இருந்த டாக்டரம்மா எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், தண்ணி காய்ச்சித்தானம்மா குடுத்தீங்க என்று கேட்டார். சுகந்தி ஆமாம் என்றாள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்தது. அப்போது அவன் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும், நான்கா, ஐந்தா. பதினாறு நாள் ஆனபிறகு ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தபடி சொன்னாள். வியாழக்கிழமை கேஸ் தீர்ந்துபோச்சுங்க. புக் பண்ணியும் வரல. பக்கத்து வீடு பூட்டியிருந்துச்சு. நாக்கு வறண்டு அழுதான். ஒரே ஒரு பாலாடைதாங்க. குழாய்லேர்ந்து.

மறுநாள் காலையில் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். லேபில் யாரும் இல்லாத மூன்றாவது பீரியடில், இருக்கிற ரசாயனங்களை வைத்து, தெரிந்த சோதனைகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தான். குளோரின் எவ்வளவு, உப்பு எவ்வளவு, இரும்பு உண்டா, அது உண்டா, இது உண்டா. ரெக்கார்டு நோட்டில் பிள்ளைகள் எழுதுவது போல கோடு போட்டு, கட்டம் கட்டி, எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு பாலாடைத் தண்ணீரில் கிருமி இருந்ததா இல்லையா என்று அந்தச் சோதனைகள் எதுவும் சொல்லாது, அது அவனுக்குத் தெரியும், ஒரு பாட்டில் தண்ணீர் அந்த வியாழக்கிழமையைப் பற்றி எதையும் சொல்லாது, அதுவும் தெரியும். ஆனாலும் கட்டத்துக்குள் விரலை வைத்து வைத்துப் படித்துக் காட்டினான். “பாரு. ஒண்ணுமில்ல. சுத்தம். நம்ம தண்ணியில ஒண்ணுமே இல்ல சுகந்தி. அவனுக்கு வந்தது வைரஸ், அது காத்துல வரும், யார் எடுத்து முத்தம் கொடுத்தாங்களோ.” அவள் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள். நீங்களே டெஸ்ட் பண்ணீங்களா என்றாள். நானேதான் என்றான். அன்றைக்குத்தான் சாப்பிட்டாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில், முகம் திரும்பி வந்தது, இனியா வந்தாள். இப்போது ஆறு வயது. பதினோரு வருஷத்தில் அவன் செய்த சோதனைகளில் யாருக்காவது உபயோகப்பட்டது அது ஒன்றுதான். பள்ளி நிர்வாகம் டிசம்பரில் கெமிஸ்ட்ரி குரூப்பையே எடுத்துவிட்டது, இனிமேல் காமர்ஸ்தான் என்றார்கள், லேபைக் கம்ப்யூட்டர் ரூம் ஆக்கினார்கள், பீக்கர்களை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டியதும் அவன்தான். இனியா அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. ஸ்டாஃப் பிள்ளை என்ற சலுகையில் சேர்த்தது, ஜூனிலிருந்து அது கிடையாது. இன்றைக்கு இதுவும் இல்லை என்றால் துறையூரில் மச்சானுடைய ஹார்டுவேர் கடை. ஆணி எடை போடலாம். மச்சான் நல்லவர்தான், “மாப்ள, நம்ம கடை எப்பவும் இருக்கு, கூச்சப்படாதீங்க” என்று சொல்லும்போது தோளில் கை வைப்பார். அந்தக் கை இப்போதே தோளில் இருப்பது போல இருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மணி ஒன்பது பத்து. சட்டை எங்கே.

சட்டையைச் சுகந்தி கொண்டுவந்தாள். இஸ்திரி போட்ட சூடு இன்னும் இருந்தது, காலர் கஞ்சி வாசனையோடு விறைத்து நின்றது. நைட்டியின் தோளில் ஊசி நூலோடு குத்தியிருந்தது, தையல்கடைக்கு ஹூக்கு வைத்துக்கொண்டிருந்த வேலையிலிருந்து எழுந்து வந்திருக்கிறாள். “யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க? மேடம் மேடம்னு சத்தம் கேக்குது. எந்த மேடத்த சமையல்கட்டுல வெச்சிருக்கீங்க?” அவன் சட்டையை மாட்டிக்கொண்டே, ஒண்ணுமில்ல, பிராக்டிஸ் என்றான். “சுவத்துக்கிட்டயா? சுவரு என்ன வாங்கிச்சு?” என்று சொல்லிக்கொண்டே ஹாலில் இருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து போட்டு, காலை மடக்காமல், பெரிய இடத்து அம்மா மாதிரி நைட்டியின் ஓரத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். “ம். வாங்க. யார் நீங்க? என்ன விக்க வந்தீங்க? எங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார், வேலைவெட்டி தேடி.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் சுகந்தி, நேரமாச்சு என்றான். “பதினோரு மணிக்குத்தான? ஒன்பதரைக்குக் கிளம்பினாப் போதும். ஒரு தடவ செய்ங்க. போன தடவயே எங்கிட்ட செஞ்சு காட்டியிருந்தா கெடச்சிருக்கும். என்னப் பாத்து பேச வராதவரு அங்க என்னத்தப் பேசுவீங்க?” இந்த ஒரு வாக்கியத்தில் அவள் முகம் விளையாட்டிலிருந்து இறங்கி வேறாக ஆகிவிட்டு மறுபடி விளையாட்டுக்கு ஏறியது. இல்லை என்று சொல்ல அவனிடம் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை எடுத்துச் சொன்னால் அதுதான் அவளை உட்கார வைக்காமல் மறைக்கப் பார்த்த விஷயம். சொல்லாமல் இருந்தால் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மேனேஜரிடம் தடுமாறப் போகிற இடம் இதுதான், சுவரிடம் தடுமாறவில்லை, கண்ணைத் திறந்து பார்க்கிற ஓர் ஆளிடம் இதுவரை ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை. கறுத்ததும் உடனே சொல்லிவிடலாம், இது சும்மா, கம்பி கரையுது என்று. அவளும் சிரிப்பாள். அட, இவ்ளோதானா என்பாள். அது நன்றாகத்தான் இருக்கும்.

“வணக்கம் மேடம். ஒரு ரெண்டு நிமிஷம் உங்க டைம் எடுத்துக்கலாமா?” முடியாது, பால் பொங்குது என்றாள் சுகந்தி. “பரவாயில்ல மேடம், நானும் உங்க கூடவே கிச்சனுக்கு வர்றேன்.” இந்த பதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது, தானாக வந்து விழுந்தது, அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. “ஐயோ, இது என்ன, முன்ன பின்ன தெரியாத ஆள் அடுப்படிக்கே வர்றாரே” என்று அவள் சிரித்தாள். நாங்க ஏற்கெனவே மெஷின் வாங்கிட்டோம் என்றாள், எந்த கம்பெனி மேடம் என்றான், எங்க தண்ணிக்கு மெஷினே வேணாம் தெரியுமா, காவேரி என்றாள், காவேரிதான் மேடம், ஆனா குழாய் காவேரி இல்லையே என்றான். நடந்துகொண்டிருந்தது. வார்த்தைகள் ஒன்றன் தோளில் ஒன்று கையைப் போட்டுக்கொண்டு வந்தன. கைகூட அசைய வேண்டிய இடத்தில் அசைந்தது. “வீட்ல குழந்தைங்க இருக்காங்களா மேடம்? அவங்க தண்ணி குடிக்கற டம்ளர் ஒண்ணு குடுங்களேன்.” சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவள் எழுந்து, வாத்துப் படம் போட்ட சின்னக் கண்ணாடி டம்ளரை ஷெல்ஃபிலிருந்து எடுத்து, தானே குழாயைத் திறந்து பிடித்து, துளிகூடச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள். கம்பெனித் தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் நகர்த்திப் பெட்டியைக் குறுக்கே வைத்தான். ஸ்விட்சைப் போட்டான். “பாருங்க மேடம்” என்றான், பொய்யில்லாத அந்த ஒரே வார்த்தையை. மஞ்சள் தொடங்கியது. நிறுத்தினான். ஒன்று, இரண்டு. வாத்துக்குப் பின்னால் தண்ணீர் நிறம் மாறியது. வாத்து மஞ்சள் என்பதால் முதலில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஏழு, எட்டு. அவள் இன்னும் அந்தப் பெரிய இடத்துச் சிரிப்போடுதான் இருந்தாள். அவன் டம்ளரைப் பார்த்தான், டம்ளரைத்தான் பார்க்க வேண்டும். பாசி நிறம். பதினாலு. கண்ணின் ஓரத்தில் அவள் கை, மடியில் இருந்தது, நாற்காலியின் கைப்பிடிக்குப் போவது தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். கம்பி. இருபதில் சொல்லலாம். இந்தக் கம்பெனிக்காரர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் நாற்பது என்று, எத்தனை சமையலறைகளில் நின்று எண்ணியிருப்பார்கள். துரு. நுரை மேலே வந்து வாத்தின் அலகு வரைக்கும் நின்றது. இருபத்தாறு. அவள் மூச்சு கேட்கவில்லை. இவன் மூச்சும்தான். தெருவில் ஒருத்தன் உப்பு உப்பு என்று கூவிக்கொண்டு சைக்கிளில் போனான், அந்த ஆளைக் கூப்பிட்டால் ஒரு சிட்டிகை வாங்கலாம், அந்த டம்ளரையும் கறுக்க வைத்துக் காட்டலாம், கையைத் தூக்கலாம். முப்பது. முப்பத்தொன்று.

“இதையா புள்ள குடிக்குது” என்றாள் சுகந்தி. முப்பத்தொன்றில். நாற்பது வரைக்கும் போகவில்லை. அவன் உடம்புக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி, அதைத் தடுக்க அவனுக்கு அவகாசம் இல்லை. அவளைப் பார்த்தான். பதினோரு மணிக்கு எதிரே இருக்க வேண்டிய முகம் இதுதான், இப்படித்தான் ஆக வேண்டும், வாய் லேசாகத் திறந்து, கண் டம்ளரை விட்டு நகராமல். அவள் நடிக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. சொல், இப்போது சொல். அவள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துக் கேட்டாள். “அன்னிக்கு நீங்க டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களே. ஒண்ணும் இல்லன்னு.” இதற்குப் பதில் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது. ஏற்கெனவே பரிசோதித்துவிட்டோம் என்று சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு. முந்தாநாளிலிருந்து நாற்பது ஐம்பது தடவை சொல்லிப் பார்த்திருப்பான், படுத்துக்கொண்டு, நடந்துகொண்டு, ஷேவ் செய்துகொண்டு. சுவரிடம் சொன்னபோது வந்ததைவிட மென்மையாக, இரக்கம்கூடக் கலந்து, சரியான இடத்தில் சரியான மூச்சோடு வந்தது. “லேப் டெஸ்ட்ல எல்லாம் இது தெரியாதுங்க மேடம்.”

மேடம் என்ற சொல் அவளிடம் போய்ச் சேரவில்லை. மற்றது போய்ச் சேர்ந்தது. அவன் ஸ்விட்சை அணைத்தான். அவள் எழுந்தாள், தோளில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி நூலைச் சுற்றிக் காலண்டர் ஆணியில் மாட்டினாள், எதையோ முடித்து வைப்பது போல. ஹாலுக்குப் போய் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். பால் பூத்தைத் தாண்டி நைட்டியோடு போகாதவள். “காலைல பாப்பா பாட்டில்ல நான்தான் புடிச்சுக் குடுத்தேன். பத்தே காலுக்கு இன்டர்வெல். அதுக்குள்ள போயிடறேன்.” சுகந்தி, இது வந்து, என்று ஆரம்பித்தான். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வந்து என்பதற்கு அப்புறம் இரண்டே வார்த்தைதான், பிளஸ் டூ பிள்ளைகள்கூட எழுதிவிடும். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் அதற்கு அடுத்த கேள்வி வரும், அப்ப இத எதுக்கு எல்லார் வீட்லயும் போய்ச் செய்யப் போறீங்க, அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு எந்தக் கண்ணோடு தில்லைநகரில் டம்ளரைப் பார்ப்பது. உள்ளே இருக்கிறவனை இப்போதுதான் கஷ்டப்பட்டு வெளியே அனுப்பியிருக்கிறான். சாயங்காலம். சாயங்காலம் வந்து உட்கார வைத்து நிதானமாகச் சொன்னால் போயிற்று, உப்பைப் போட்டுக் காட்டினால் போயிற்று, ஒரு பகல்தானே, ஏழு வருஷத்தில் ஒரு பகல். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு அதையும் சொன்னால் அவ்வளவு கனமாக இருக்காது. நம்புவாளா என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. லேப் டெஸ்டில் எல்லாம் தெரியாது என்று சொன்ன வாயால் எதைச் சோதித்துக் காட்டினாலும். அதைத் தள்ளினான். அவள் வாசற்படியில் நின்று, திரும்பாமல், “நல்லா பண்றீங்க. கெடச்சிடும்” என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. கேட் திறந்து மூடிய சத்தம்.

ஜன்னலுக்குப் போனான். ரேஷன் கடை வரிசையை ஒட்டி, வெயிலில், துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அவள் வேகமாகப் போவது தெரிந்தது, வரிசையில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லாமல். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும். எட்டு எண்ணினால் கேட்கும் தூரம், பத்து எண்ணினால் மூலை திரும்பிவிடுவாள். வாயைத் திறந்தான் என்றுதான் நினைவு. அவள் மூலையில் திரும்பினாள். மணி ஒன்பது இருபத்தைந்து. பள்ளி வாட்ச்மேன் அவளை உள்ளே விடுவார், லேப் சார் வீட்டம்மா என்று இன்னும் சொல்வார். கிளாஸ் டீச்சர் என்ன ஆச்சு என்று கேட்பார். தண்ணி கறுத்துப்போச்சு என்று சொல்வாள். எத்தனை தாய்மார்களுக்குச் சாயங்காலத்துக்குள் அது போய்ச் சேரும், அவர்கள் வீட்டுக்கெல்லாம் இவனோ ரஃபீக்கோ போனால், என்று ஒரு கணக்கு அவனைக் கேட்காமலே தலைக்குள் ஓடியது. அதை நிறுத்த முடியவில்லை, ஓடட்டும் என்று விட்டான். பெட்டியைத் துடைத்துப் பையில் வைத்தான், சர்டிஃபிகேட் ஃபைலை வைத்தான், பேனா. முப்பத்தோரு செகண்டு, ரஃபீக்கிடம் சொல்ல வேண்டும். ஷூவுக்குள் காலை விட்டபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விடிந்ததிலிருந்து பேசிப் பேசித் தொண்டை காய்ந்து கிடந்தது. ஷூவோடு சமையலறைக்கு வந்து, காலையில் குழாயில் பிடித்து வைத்த சில்வர் குடத்தின் மூடியை நகர்த்தி, ஒரு சொம்பு நிறைய மொண்டு, சட்டையில் படாமல் கழுத்தை முன்னால் நீட்டி, மூச்சு விடாமல் குடித்தான். இன்னும் அரைச் சொம்பு மொண்டு குடித்தான். புறங்கையால் மோவாயைத் துடைத்துக்கொண்டு மூடியைப் பழையபடி குடத்தின்மேல் வைத்தான்.